வெளக்கு வெச்ச பொட்டி

எனக்கு எழுபத்து நான்கு வயது முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் எந்த ஆபீஸிலும் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு நின்றதும் இல்லை. பேரை எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் என்பதால் இது மெதுவாகத்தான் போகும். எனக்கு அவசரம் ஒன்றும் கிடையாது.

கடைசி மகனுக்குக் கிடார் ஆம்ப்ளிபயர் வாங்கியதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவன் வைத்திருப்பது கரண்டில் வாசிக்கிற கிடார். வெறுமனே வாசித்தால் கொசு பாடுவது போலத்தான் இருக்கும். ஒயரை ஒரு பெட்டியில் செருகினால்தான் அதற்குக் குரல் வரும். அந்தப் பெட்டிதான் ஆம்ப்ளிபயர். பெரம்பலூர் பக்கம் எங்கள் ஊரில் மாடு வாங்கத் தெரிந்தவர்கள் உண்டு, மோட்டார் வாங்கத் தெரிந்தவர்கள் உண்டு. இதை வாங்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

இளவயதில் அவன் அரியலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தான். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் என்று எங்கே திருவிழா, எங்கே கல்யாணம் என்றாலும் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு போய்விடுவான். ஆண்டிமடத்தில் ஒரு கச்சேரிக்கு வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர் தன்னுடைய பெட்டியில் இவன் கிடாரைச் செருகி வாசிக்கச் சொன்னாராம். பழைய ரேடியோவில் இருந்ததே, கண்ணாடிக் குப்பி போல, சூடேறிச் சிவந்த பிறகுதான் பேசும், அந்தச் சாமான் உள்ளே வைத்த பெட்டி. அன்றைக்கு ஒருநாள் கேட்டதுதான். கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்த பிறகும் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லுவான்.

"லேசா தொண்ட கட்டுன பொம்பள பாடுறாப்ல இருக்கும்மா. இனிப்பும் இருக்கும், கரகரப்பும் இருக்கும்."

"தொண்ட கட்டுனா வெந்நி குடிக்கச் சொல்லு" என்பேன்.

கச்சேரி வைத்துச் சோறு தின்ன முடியாது. பாடாலூர் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரில் வேலைக்குச் சேர்ந்தான். கல்லைக் கொட்டிப் பொடித்து ஜல்லியாகத் தள்ளுகிற மிஷின். பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்கூடே ஆடும். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று நான் சொல்லியிருக்கிறேன். பஞ்சு வைத்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது என்பான். வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது. முதலில் வலது காது போனது. அது போனதே எங்களுக்குத் தெரியவில்லை. எப்போதும் இடது பக்கத்தையே எனக்குக் காட்டித் திரும்பி உட்காருகிறானே, என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருச்சியில் காது டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மருமகள் பெரம்பலூரில் ஜவுளிக்கடைக்குப் போகிறவள். லீவு போட்டால் கூலி போய்விடும். டாக்டரம்மா கண்ணாடி அறைக்குள் அவனை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னது.

"உள்ள இருக்கற நரம்பு செத்துப்போச்சும்மா. செத்தது திரும்ப வராது. இடது பக்கம் கொஞ்சம் இருக்கு. அதுவும் வருஷா வருஷம் கொறையும். பெரிய சத்தம் மட்டும் ஆகவே ஆகாது. இருக்கறதக் காப்பாத்திக்கச் சொல்லுங்க."

காதில் மாட்டுகிற மிஷின் ஒன்று கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு கிடார் வாசித்துப் பார்த்தான். தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். ஆள் பேசுவதற்கு மட்டும்தான் அது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஒன்று சொன்னான். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான். தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் கத்தித்தான் பேசுவார்கள்.

"அம்மா, முழுசா அடைக்கறதுக்குள்ள அந்தச் சத்தத்த இன்னொருக்கா என் கையால வாசிச்சுக் கேட்டுடணும்மா."

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்துவைத்துக்கொண்டு பெட்டி பார்க்க ஆரம்பித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருப்பேன். அவன் சொல்லச் சொல்ல எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. இந்தப் பெட்டிகளில் வாட்ஸ் என்று ஒன்று உண்டு. வாட்ஸ் கூடினால் சத்தம் கூடும். பெரிய பெட்டியாக வாங்கினால் நல்லது என்றுதான் நான் நினைத்தேன்.

"அங்கதாம்மா விஷயம். அந்த மாதிரி பொட்டி நல்லாத் திருகி வெச்சாதான் பாடும். பெருசா வாங்குனா, அது பாடுற எடத்துக்கு வரதுக்குள்ள தெருவே அடிக்க வந்துடும்."

"மொதல்ல நானே வருவேன்."

"என் காதும் போயிடும். அதனால வூட்டுக்கு ஆவற மாதிரி சின்ன வாட்ஸா பாக்கணும். சின்னதுல முழுசாத் திருகினாலும் சத்தம் அடக்கமா இருக்கும்."

அவன் காது எப்படி ஆகிவிட்டது என்றால், மெதுவாக இருந்தால் கேட்காது, சத்தமாக இருந்தால் குத்தும். நடுவில் ஒரு சின்ன வரப்பு மாதிரி இடம்தான் மிச்சம். சாதாரணப் பெட்டியின் சத்தம் ஊசியாக இறங்குகிறது, இந்தக் குப்பி வைத்த பெட்டி என்றால் மொழுமொழுவென்று இருக்கும், வரப்பை விட்டு இறங்காமல் நடக்கலாம் என்று அவன் எண்ணம். புதிது சென்னையில் கிடைக்கும். விலையைக் கேட்டால் ஒரு கறவை மாடு வாங்கலாம் போலிருந்தது. அத்தோடு குப்பி போனால் மாற்றிப் போட இங்கே ஆளும் கிடையாது.

அந்தச் சாமானுக்குப் பேர் வால்வு. இப்போது எழுதிவிட்டேன். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள்.

என் மூன்றாவது பெண்ணுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கியது. பிறகு சரியாகிவிட்டது. பெரியவளானதும் நடந்தால் மூச்சு வாங்கியது. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம். இருதயத்தில் வால்வு சுருங்கிப்போய்விட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லித் தேதி கொடுத்தார்கள். தேதி வருவதற்குள் அவள் போய்விட்டாள். பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, நானும் யாரையும் சொல்லாதே என்றதில்லை, ஆனால் அந்தச் சொல் வீட்டை விட்டுப் போய்விட்டது. வயல்காட்டில் போர்வெல் தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிவிடுகிற கேட்வால்வுக்குக்கூட எங்கள் வீட்டில் திருப்பி என்றுதான் பேர். கூலிக்கு வருகிற ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கடைசி மகனுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். அக்கா அக்கா என்று அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். அவனும் இந்தப் பெட்டியைப் பற்றி என்னிடம் சொல்லும்போது வால்வு என்று சொல்லவே இல்லை. உள்ளே விளக்கு மாதிரி எரிகிறதே, அதனால் விளக்கு என்று சொன்னான். வெளக்கு வெச்ச பொட்டி. வீட்டில் எல்லாருக்கும் அதுவே பேராகிவிட்டது.

என் மூத்த மகன் சென்னையில் இருக்கிறான். ஆபீஸ் உத்தியோகம். தம்பியின் காது விஷயம் கேள்விப்பட்டுப் போன் பண்ணினான். தம்பி அண்ணனிடம் போனில் பேசமாட்டான், கேட்காது. நான்தான் பேசினேன்.

"அவனுக்கு என்னதாம்மா வேணும்? நான் வாங்கித் தரேன்."

"கிடாருக்குச் செருகுற பொட்டிடா. சின்னதா இருக்கணுமாம். வெளக்கு வெச்ச பொட்டி."

"லைட் வெச்சதா?"

"ஆமாண்டா. வெளக்கு இல்லாதது ஆவாதாம். அதான் முக்கியம்ங்கறான்."

"இவ்ளோதானா? விடு, நான் பாத்துக்கறேன்."

தீபாவளிக்கு வந்தபோது பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலிலேயே அட்டையைக் கிழித்தான். கருப்பாக, குத்துக்கல் மாதிரி இருந்தது. கரண்டு கொடுத்ததும் முகப்பைச் சுற்றிச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வட்டம் வட்டமாக விளக்கு ஓடியது. சத்தம் ஏறினால் விளக்கும் ஏறும், இறங்கினால் இறங்கும். பாடுவதற்கு மைக் ஒன்று, ரிமோட் ஒன்று.

"எப்புடிடா? வெளக்கு வேணும்னியாமே. கடையிலேயே இதுலதான் வெளக்கு அதிகம்!"

சின்னவன் அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கு அந்த நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. இதுதான் அவன் கேட்ட பெட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னவன் மகள், என் பேத்தி, கையைத் தட்டினாள்.

"சூப்பர்ண்ணே" என்றான் சின்னவன்.

"வாசி, வாசி. கேப்போம்."

கிடாரைக் கொண்டுவந்து செருகி வாசித்தான். சத்தம் ஊசியாகத்தான் வந்தது. அது எனக்கே தெரிந்தது. அவன் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரித்தபடியே ஒரு பாட்டு முழுவதும் வாசித்து முடித்தான். பெரியவன் தொடையைத் தட்டித் தாளம் போட்டான். தம்பிக்கு ஏதோ செய்துவிட்டோம் என்கிற நிறைவு அவன் முகத்தில் இருந்தது. அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

பெரியவன் ஊருக்குப் போன பிறகு பெட்டியைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். நான் மகனிடம் கேட்டேன்.

"ஏண்டா, இது இல்லையா?"

"ஆங்?"

"இது இல்லையாடா?"

"வேற வெளக்கும்மா அது. விடு. அண்ணன் ஆசையா வாங்கியாந்துச்சு. அண்ணன் காதுக்கு ஒண்ணும் போவ வேணாம்."

அதோடு பெட்டி பார்ப்பதை விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவான். கிடார் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. குக்கர் விசில் அடிப்பது அவனுக்குக் கேட்காமல் போனது. வாசலில் பால்காரர் ஹாரன் அடித்தால் கேட்காது. ஒருநாள் கிரஷரில் டிப்பர் லாரி பின்னால் வந்திருக்கிறது. பின்னால் வரும்போது கீ கீ என்று கத்துமே, அது இவனுக்குக் கேட்கவில்லை. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். பித்தான் அறுந்த சட்டையோடு வந்து நின்றான். அதற்கப்புறம் அவனை எடைமேடையில் சீட்டு எழுத உட்காரவைத்தார்கள். நல்லதுதான் என்று மருமகள் சொன்னாள். நல்லதுதான். ஆனால் அந்தப் பித்தானைத் தைக்கும்போது எனக்கு ஒரே யோசனை. இன்னும் எத்தனை நாளைக்கு இவனுக்குக் காது என்று ஒன்று இருக்கப்போகிறது? பஸ்ஸில் அவன் கத்திச் சொன்னது ஒன்றுதான் இத்தனை வயதில் அவன் என்னிடம் கேட்டது. அதையும் நேராகக் கேட்கவில்லை.

புரட்டாசியில் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குப் போவது எனக்கு வழக்கம். பிறந்த வீடு அந்தப் பக்கம். போன புரட்டாசியில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அரியலூரில் இறங்கினேன். மகன் வாசித்த குழுவுக்கு மைக் செட் கட்டினவரின் கடை அங்கே இருக்கிறது என்று தெரியும். கல்யாணம், காதுகுத்து, துக்கம் எல்லாவற்றுக்கும் அவர்தான். கடைக்குள் ஒலிபெருக்கிக் குழாய்கள் அண்டா அண்டாவாகக் கவிழ்ந்து கிடந்தன. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க பெரியம்மா. என்ன விசேஷம், பேத்திக்குச் சடங்கா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. வெளக்கு வெச்ச பொட்டி ஒண்ணு வேணும்."

"சீரியல் லைட் செட்டா? பொட்டியில சுத்தி இருக்கு, பிரிச்சுக் காட்டவா?"

"கலர் வெளக்கு இல்ல. கிடாருக்குச் செருகுறது."

"கிடாருக்கு எதுக்குங்க வெளக்கு?"

மகன் போனில் பார்க்கும்போது வேறு ஒரு பேரும் சொன்னது ஞாபகம் வந்தது.

"டியூபுன்னும் சொல்லுவாங்களாமே."

"டியூப் லைட்டா! அத மொதல்லயே சொல்ல வேணாமா? எத்தன எடத்துல கட்டணும்?"

ஒயர் சுற்றுகிற கையை நிறுத்தாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். வெயிலில் வந்த கிழவி ஏதோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பார். பக்கத்தில் நின்ற ஆளும் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. பேர் தெரியாமல் வந்துவிட்டேன் என்றல்லவா நினைக்கிறார்கள். எனக்குப் பேர் தெரியும். எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

"வால்வு" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது அந்தச் சொல்லைச் சொல்லி. கடையில் ஒன்றும் ஆகவில்லை. ரோட்டில் சிமெண்டு லாரி போய்க்கொண்டிருந்தது.

அவர் ஒயரைக் கீழே வைத்தார்.

"வால்வு ஆம்ப்ளிபயரா? யாருக்குங்க? உங்க சின்னவனுக்கா? அவன் இன்னும் வாசிக்கிறானா?"

"வாசிக்கணும்ங்கறான். காது போயிட்டு இருக்கு."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு போனை எடுத்து யாரிடமோ பேசினார். லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் இருக்கிறார், அவர் மகன் வெளிநாட்டில் வேலைக்குப் போய் ஆசைக்கு இரண்டு பெட்டி வாங்கி வந்து வீட்டில் வைத்திருக்கிறான், இப்போது குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான், விற்றுவிடச் சொல்கிறான் என்று சொன்னார். நான் எழுந்து வரும்போது, "பெரியம்மா, சின்னத வாங்குங்க. பெருசு வேணாம்" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். அவன் இடது காதின் பக்கம் வாயை வைத்துச் சொன்னேன்.

"வால்வு பொட்டி லப்பைக்குடிக்காட்டுல இருக்காம். ஞாயித்துக்கிழம போறோம்."

அவன் பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தான். சரியாகக் கேட்டோமா இல்லையா என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

"என்னா சொன்ன?"

"வால்வு பொட்டிடா."

"சரிம்மா" என்றான். 

வெங்காயம் கெடாமல் சேர்த்து வைக்கிற பட்டறையில் போட்டிருந்த சின்ன வெங்காயத்தை விற்ற பணத்தை எடுத்துக்கொண்டேன். அது என் பணம். யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

பாய்க்கு என் மூத்த மகன் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். வெள்ளைத் தாடி. பெரிய வீடு. ஆனால் முன்கூடத்தில் மட்டும்தான் மின்விசிறி ஓடியது, மற்ற அறைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. டீ கொடுத்துவிட்டுத் துணி போர்த்தி வைத்திருந்த இரண்டு பெட்டிகளையும் திறந்து காட்டினார். ஒன்று டிரங்குப் பெட்டி அளவுக்கு இருந்தது. இன்னொன்று நெல் அளக்கிற மரக்கால் உயரத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

"எம்மவன் போன்ல சொன்னத அப்புடியே சொல்றேம்மா. எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஸ்டெபிலைசர் இல்லாம போடக்கூடாதாம். நம்ம ஊரு லோ வோல்ட்டேஜுக்கு வால்வு சரியா எரியாதாம். போட்டு ரெண்டு நிமிஷம் சும்மா விடணும். அப்புறம்தான் தொடணும்."

மகன் முதலில் பெரியதைப் போட்டான். கொஞ்சம் திருகியதும் அறை அதிர்ந்தது. டீ கிளாஸ் தட்டில் ஆடியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காதைப் பொத்தினான். உடனே அணைத்தான். பிறகு சின்னதைப் போட்டான். பின்பக்கம் இரும்பு வலைக்குள் குப்பிகள் மெதுவாகச் சிவந்தன. அதில் இரண்டு திருகு இருந்தது. ஒன்று வால்வுக்கு, மற்றது வெளியே வருகிற சத்தத்துக்கு. வால்வை நன்றாக ஓடவிட்டுச் சத்தத்தை மட்டும் குறைத்து வைத்துக்கொள்ளலாமாம். அவன் தேடினது அதுதான். அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தான்.

வாசிக்க ஆரம்பித்தான். தடித்த கம்பியில் முதலில் வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டான். அவன் ஆண்டிமடத்தில் எந்தச் சத்தத்தைக் கேட்டான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சத்தம் அறை முழுக்கப் பரவியது, ஆனால் எங்கேயும் இடிக்கவில்லை. பாய் தலையை ஆட்டினார். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா வந்து திரைக்குப் பின்னால் நின்றார்கள். மகனின் கை மெல்ல மெல்ல நகர்ந்து சன்னக் கம்பிக்குப் போனது. அங்கேதான் அது பாடவே ஆரம்பித்தது. தனியாக ஒரு பெண் எழுந்து நின்று பாடுவது போல இருந்தது.

அவன் நிறுத்திவிட்டான்.

சன்னக் கம்பியை மறுபடி தட்டினான். திருகைத் திருப்பினான். ஒயரைப் பிடுங்கிச் செருகினான். மறுபடி தட்டினான். அது கணீரென்று கேட்டது. எனக்குக் கேட்டது, பாய்க்குக் கேட்டது, திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"பாய், இந்தக் கம்பிக்குச் சத்தம் வரல" என்று கத்தினான். "வால்வு ஒண்ணு போயிடுச்சா?"

பாய் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. நல்ல மனுஷர். கொஞ்சம் கூடத் தயங்காமல் சொன்னார்.

"இருக்கும் தம்பி, பழசுதானே. எம்மவன்ட்ட சொல்லி வேற வால்வு அனுப்பச் சொல்றேன், இன்ஷா அல்லாஹ். வந்ததும் மாத்திக்கலாம்."

அவன் நம்பிவிட்டான். தலையை ஆட்டிக்கொண்டே பெட்டியின் பின்பக்கம் குனிந்து எந்தக் குப்பி என்று பார்க்கப்போனான். நானும் சும்மா இருந்திருக்கலாம். புது வால்வு வரும். மாட்டுவான். அப்போதும் கேட்காது. வேறொன்று வரவழைப்பான். ஒவ்வொரு வால்வாக மாற்றிக்கொண்டே இருப்பான், மிச்சம் இருக்கிற காதும் அதற்குள் போய்விடும்.

நான் எழுந்துபோய் அவன் தோளைத் தொட்டேன். இடது காதில் சொன்னேன்.

"வால்வு போகலடா. நல்லாக் கேக்குது."

"ஆங்?"

"கம்பி நல்லாக் கேக்குது. எங்களுக்கெல்லாம் கேக்குது."

குனிந்தவன் நிமிராமலே கேட்டான். 

"ஒனக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"எப்புடி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன். 

அவன் அந்தக் கம்பியை இன்னொரு தடவை தட்டினான். அவனுக்காகத் தட்டவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினான். பிறகு நிமிர்ந்து, "இதையே எடுத்துக்கறோம் பாய்" என்றான். பாய் விலையைக் குறைக்கப் பார்த்தார். நான் விடவில்லை. பெட்டியில் குறை ஒன்றும் இல்லாதபோது விலை எதற்குக் குறைய வேண்டும்?

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.  கண்டக்டர், "என்னாங்க அது, ரேடியோவா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று நான் சொன்னேன்.

பெரியவனுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். அவன் வாங்கிக் கொடுத்தது வேறு, தம்பி கேட்டது வேறு என்று சொன்னேன்.

"வெளக்குன்னுதானம்மா நீ சொன்ன!"

"வால்வுடா. வால்வுங்கறதத்தான் வெளக்குன்னோம்."

 லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "சரிம்மா. சாப்டியா?" என்று கேட்டான்.

இப்போது பெட்டி நடு அறையில் முக்காலியின் மேல் இருக்கிறது. ஸ்டெபிலைசரும் வாங்கியாகிவிட்டது. கிரஷரிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சுவிட்சைப் போடுவான். சூடேறுகிற வரைக்கும் பின்பக்கமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு தொடையைப் பெட்டியின் பலகையோடு ஒட்டிவைத்துக்கொண்டு வாசிப்பான். அதிர்வது தொடையில் தெரியுமாம். தடித்த கம்பிகளில்தான் பெரும்பாலும் கை இருக்கும். டாக்டரம்மாவிடம் போன மாதமும் போனோம். இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டது. தடித்த கம்பியும் ஒருநாள் போகும். அது அவனுக்கும் தெரியும்.

சில நாள் சன்னக் கம்பிக்கும் போகிறான். சுருதியைக் காதால் சேர்க்க முடியாததால் போனில் முள் ஆடுவதைப் பார்த்துச் சேர்க்கிறான். வாசித்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்ப்பான். நன்றாக வந்திருந்தால் நான் தலையை ஆட்டுவேன். பிசகியிருந்தால் ஆட்டமாட்டேன். பொய்யாக ஒருநாளும் ஆட்டியதில்லை. ஆட்டாவிட்டால் அந்த இடத்தையே திரும்ப வாசிப்பான். அவன் கேட்க நினைத்த சத்தத்தில் பாதியை அவன் கேட்கிறான். மீதியை நான் கேட்கிறேன். எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. முன்பெல்லாம் உலை கொதிக்கிற நேரத்தில் ரேடியோ பாடினால்கூட அணைக்கச் சொல்வேன். இப்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறேன்.

நேற்றைக்கு ரொம்ப நேரம் சன்னக் கம்பியிலேயே வாசித்தான். பிசகே இல்லை. அவன் திரும்பிப் பார்த்தபோது என்னால் தலையை ஆட்ட முடியவில்லை, முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி வாசித்தான்.

இவ்வளவுதான் எழுத வந்தது. இன்றைக்கும் வாசித்துக்கொண்டிருக்கிறான். பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"பாப்பா, டம்ளர அங்க வெச்சுட்டு இங்க வா. அப்பா வாசிச்சு முடிக்கட்டும். அப்புறம் நான் எழுதுன இத மொதல்லேருந்து எனக்குப் படிச்சுக் காட்டு."